குறை வைத்த வீடு

— மேஸ்திரி, இங்க இருந்த விரிசல் எங்கே?

— அதைத்தானுங் மேடம் நானும் உங்களைக் கேக்கோணும்னு இருந்தேன்.

— விளையாடாதீங்க முருகேசன். ஜன்னலுக்குக் கீழ ஆரம்பிச்சு அந்த மூலை வரைக்கும் ஓடுச்சு. ரெண்டு நாள் குத்த வெச்சு உக்காந்து, நானே தங்கப்பொடி கலந்து நிரப்புனேன். இப்பப் பாருங்க, முட்டை ஓடு மாதிரி மழமழன்னு இருக்கு. யாரைக் கேட்டுப் பூசுனீங்க?

— நான் கரண்டியவே தொடலீங். ஆளுங்களும் மூணு நாளா இந்த ரூம் பக்கம் எட்டிப் பாக்கல.

— அப்ப தானா ஆறிடுச்சா?

— அந்த வார்த்தைய நீங்க சொல்லிட்டீங். நான் சொல்லியிருந்தா கிறுக்கன்னு சொல்லியிருப்பீங்க.

— முதல் நாளே தெளிவாச் சொன்னேன்ல? இந்த பங்களாவுக்குத் தொண்ணூறு வயசு. அந்த வயசு செவுத்துல தெரியணும். ஜப்பான்ல இதுக்கு வாபி-சாபின்னு பேரு. கீறல், கறை, கோணல் எதையும் மறைக்கக் கூடாது. உடைஞ்ச கிண்ணத்தைக்கூடத் தங்கம் வெச்சு ஒட்டி, உடைஞ்சது தெரியற மாதிரிதான் வெப்பாங்க. அதுதான் அழகு.

— சொன்னீங் மேடம், எனக்கும் வெளங்குச்சு. என் சம்சாரத்துக்குத்தான் வெளங்கல. முப்பது வருசமா செவுத்தை நேராக்கறதுக்குக் கூலி வாங்குனவன், இப்பக் கோணலா உடறதுக்குக் கூலி வாங்கறேன்னு சொன்னா, எங்கூரு வெள்ளக்கடை முச்சூடும் சொல்லிச் சிரிக்கறா.

— சிரிக்கட்டும். ஒவ்வொரு குறைக்கும் சாக்பீஸ்ல நான் நம்பர் போட்டேன். மொத்தம் நாப்பத்தொண்ணு. ஒண்ணைக்கூடத் தொடக்கூடாதுன்னு சொன்னேன். பங்களா சொந்தக்காரர் நாளைக்கு மத்தியானம் மலைக்கு வர்றார். ஹோம்ஸ்டே வேலைய எனக்குக் குடுத்ததே இந்த நாப்பத்தொண்ணுக்காகத்தான்.

— அப்படீன்னா ஒரு நடை எங்கூட வந்து எண்ணிப் பாத்துருங்க. ஏழாம் நம்பரு எது?

— வராந்தா படி. நடந்து நடந்து நடுவுல பள்ளம் விழுந்த கல்லு.

— இந்தாங்க, காலை வெச்சுப் பாருங்க.

— பள்ளம்... இல்லையே. கல்லை மாத்திட்டீங்களா?

— தொண்ணூறு வருசத்துக் கல்லை எவனுங் பேத்து எடுப்பான்? அஞ்சு பேரு கடப்பாறை போடோணும். பதினெட்டாம் நம்பரு?

— சாப்பாட்டு மேசை. யாரோ இஸ்திரிப் பெட்டிய வெச்ச சூட்டுத் தழும்பு.

— நேத்துச் சாயந்தரமே அது போயிருச்சுங். மேசை மேல உங்க கிண்ணம் இருக்குது. அதையும் எடுத்துப் பாருங்க.

— இது என் கிண்ணம் இல்ல. என்னோடதுல தங்கக்கோடு மூணு இருக்கும், விளிம்புல ஒரு சில்லு பேந்திருக்கும்.

— அடியத் திருப்பிப் பாருங்க.

— என் கையெழுத்து... சரண்யான்னு நான் எழுதுனதுதான். முருகேசன், என்ன இது?

— இன்னும் ஒண்ணு காட்டறேன். இந்த டியூப்பைப் புடிங்க. உள்ள தண்ணி இருக்குது, சிந்தாமப் புடிங்க. அந்தக் கோடிச் செவுத்துல நான் ஒரு கோடு போடறேன், உங்க பக்கம் தண்ணி எங்க நிக்குதோ அங்க நீங்க போடுங்க. வந்த அன்னைக்கு இந்தக் கூடத்துல மட்டம் பாத்தப்ப, அந்த மூலை மூணு விரல் அகலத்துக்கு எறங்கியிருந்துச்சு. உங்க லிஸ்ட்டுலயே எழுதிக்கிட்டீங்க.

— ஆமா, இருபத்தி ரெண்டாம் நம்பர்.

— இப்ப எவ்வளவுங்?

— ஒரே மட்டம்.

— ஒரு நூல்கூடப் பிசகலீங். தூக்குக்குண்டு போட்டுப் பாத்தேன், செவுரு அத்தனையும் நேரு. மூலைமட்டம் வெச்சா மூலை அத்தனையும் கச்சிதம். நான் கட்டுன புது ஊடு ஒண்ணாவது இப்படி நின்னதில்லீங். கட்டுனவன் வாயால சொல்றேன், ஊடுன்னா ஒரு கோணலாவது இருக்கும். இது பயமா இருக்குது.

— இருங்க, கண்ணாடியத் தொடைச்சுக்கறேன். இந்தப் பனியில ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.

— அண்ணா! அந்தம்மாகிட்டச் சொன்னியா இல்லியா?

— பாவாயி, வண்டிகிட்ட நிக்கச் சொன்னேனில்ல?

— நின்னு நின்னு காலு மரத்துப் போச்சு. உன்னைப் பேச உட்டா செவுத்தப் பத்தியேதான் பேசிட்டிருப்பே.

— யாருங்க இவங்க?

— எந் தங்கச்சிங் மேடம், பாவாயி. நம்ம தனபாலோட சம்சாரம். ராத்திரிக் காவலுக்கு இங்க படுத்துக்கறானே, அந்தத் தனபாலு.

— ஓ, வணக்கங்க. ஏன் சாரல்ல நிக்கறீங்க? உள்ள வாங்க.

— வேண்டாமுங்க. நான் வாசப்படி தாண்ட மாட்டேன். எங்க ஊட்டுக்காரரு ஒம்பது ராத்திரி தாண்டிப் போனாரு, அதுவே போதும்.

— தனபாலுக்கு என்ன? நேத்துகூடப் பாத்தேனே, நல்லாத்தானே இருந்தாரு?

— அதோ, ரோட்டுல வண்டிகிட்டத்தான் நிக்கறாரு, நொம்ப நல்லா இருக்காருங்க. அதானுங்க கோளாறு.

— புரியலையே.

— அவரு பேசிக் கேட்டிருக்கீங்களா?

— கேட்டிருக்கேன். தெளிவாப் பேசுவாரே.

— இந்த வாரம் கேட்டிருப்பீங்க. வந்த அன்னைக்கு எப்படிப் பேசுனாருன்னு சித்த ரோசனை பண்ணிப் பாருங்க.

— முதல் நாள்... கொஞ்சம் திக்குச்சு. கூச்சம்னு நெனச்சேன்.

— கூச்சமா, அவருக்கா? பொறவியிலயே திக்குவாயிங்க. கண்ணாலம் ஆகிப் பதினாலு வருசத்துல எம் பேரை ஒரு தடவை முழுசாக் கூப்பிட்டதில்ல. "பா... பா..."ன்னு ரெண்டு பா வாறதுக்குள்ள நான் போய் நின்னுருவேன். போன திங்கக்கெழமை காலையில ஒரு ஆம்பளைக் குரலு, "பாவாயி, காப்பி குடு"ங்குது. எவனோ வேத்தாளு ஊட்டுக்குள்ள பூந்துட்டான்னு வெளக்கமாத்தத் தூக்கிட்டுப் போனேன். பாத்தா இவரு உக்காந்திருக்காரு.

— இது சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே?

— நானும் சந்தோசந்தான் பட்டேன். மாரியம்மனுக்குத் தேங்காகூட ஒடைச்சேன். ரெண்டாம் நாளு கொறட்டை நின்னுச்சு. அதுக்கும் சந்தோசந்தான். மூணாம் நாளு சட்டையக் கழட்டி மடிச்சு வெச்சாரு. அப்பத்தான் அவரை உத்துப் பாக்க ஆரம்பிச்சேன். அடுத்த நாளு தலை தொவட்டி உடறப்ப நெத்தியப் பாத்தேன். இந்தப் புருவத்துக்கு மேல அஞ்சு தையல் போட்ட தழும்பு. காணோம்.

— காணோம்னா?

— தொடச்சு எடுத்தாப்பல. தடவிப் பாத்தேன், பச்சப்புள்ள நெத்தி மாதிரி இருக்குது.

— அந்தத் தழும்பு எப்படி வந்துச்சு?

— அண்ணா, நீ சொல்லு. எனக்கு வாய் வராது.

— மூணு வருசம் ஆச்சுங் மேடம். அடிவாரத்துல இருந்து பைக்குல மேல வந்துட்டிருந்தாங்க, அவனும் புள்ளையும். பதினொண்ணாவது கொண்டை ஊசி வளைவுல கண்ணு தெரியாத பனி. எதுக்க வந்தவன் லைட்டுப் போடல. புள்ளைய முன்னால டேங்க் மேல உக்கார வெச்சிருந்தான். அவனுக்கு நெத்தியில அஞ்சு தையல். புள்ளைக்கு... தையல் போட வேலையே இல்லாமப் போச்சுங்.

— கடவுளே.

— ராசாத்திங்க அவ பேரு. ஆறு வயசு. முன்னம்பல்லு ரெண்டும் விழுந்து, சிரிச்சா பொக்கையாத் தெரியும். பேரைச் சொல்லீரோணுமுங்க. இல்லாட்டி எல்லாரும் "அந்தப் புள்ள, அந்தப் புள்ள"ன்னே சொல்லிட்டுப் போயிருவாங்க.

— ராசாத்தி. சரிங்க.

— நேத்து அவ பொறந்த நாளு. வருசா வருசம் அன்னைக்கு அவருக்குச் சோறு எறங்காது. நேத்து கொழம்பு நல்லாருக்குதுன்னு மூணு தடவை கேட்டு வாங்கித் தின்னாரு. எனக்குப் பொறுக்கல. "இன்னைக்கு ராசாத்தி பொறந்த நாளுங்க"ன்னேன். நிமுந்து பாத்து, "யாரு ராசாத்தி? உங்க அண்ணன் மருமவளா?"ன்னு கேக்கறாரு.

— அதிர்ச்சியில சில பேருக்கு மறதி வரும் பாவாயி. சேலத்துல நல்ல டாக்டர் ஒருத்தரை எனக்குத் தெரியும்...

— மூணு வருசம் கழிச்சு ஒரு கொழம்புக்கு முன்னாலயா அதிர்ச்சி வரும்? எனக்கு எம் புருசன் வேணுமுங்க. திக்குவாயோட, தழும்போட, எம் புள்ளையோட அப்பனா வேணும். இந்த ஊடு எடுத்துக்கிச்சு. இந்த ஊடு திருப்பிக் குடுக்கோணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்.

— வீடு எப்படிங்க எடுக்கும்?

— மேடம், உங்க கண்ணாடியக் கழட்டுங்க.

— எதுக்கு முருகேசன்?

— காலையில இருந்து பத்துத் தடவை தொடைச்சுட்டீங்க. தொடைக்கத் தொடைக்க மங்கலாத்தானே தெரியுதுங்? சித்த கழட்டிட்டு அந்தச் சரிவைப் பாருங்க.

— கண்ணாடி இல்லாம எனக்கு என் கையே தெரியாது...

— பாருங்க.

— சில்வர் ஓக் மரம். அதுல மிளகுக்கொடி. இலை... ஒவ்வொரு இலையும் தனித்தனியாத் தெரியுது.

— எத்தனை வருசமாப் போடறீங்க?

— எட்டாம் கிளாஸ்ல இருந்து. மைனஸ் ஆறு.

— இப்ப நான் சொல்றது வெளங்குதுங்களா? செவுத்துக் கீறலு, கிண்ணத்துச் சில்லு, படிப் பள்ளம், உங்க கண்ணு, அவன் நெத்தி. எல்லாம் ஒரே கை வேலை. நாங்க பொழுதோட ஊட்டுக்குப் போயிருவோம், ராத்திரி இங்க தங்கறது நீங்களும் அவனுந்தானே? குறைன்னு எதைக் கண்டாலும் இந்த ஊடு சும்மா இருக்க மாட்டேங்குது.

— ஏன் இப்ப? இத்தனை வருஷமா கீறலோடதானே நின்னுச்சு? நான் வந்தப்பகூட நாப்பத்தொண்ணு இருந்துச்சே?

— நாப்பத்திரெண்டுங்.

— என்னது?

— ஒண்ணு உங்க கண்ணுல படலீங். அங்கதானுங் நான் தப்புப் பண்ணீட்டேன். சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னால ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு இல்லாம, வெறுங்கல்லாக் கெடந்துச்சு. அன்னைக்குக் கட்டுனவங்க தெரியாம உட்டதில்லீங், தெரிஞ்சு உட்டது. வேலை முடியறப்ப கண்ணு படக்கூடாதுன்னு நாங்க அப்படி ஒரு எடத்தைப் பூசாம உட்டுருவோம். ஊடு முழுசாயிருச்சுன்னு பாக்கறவனும் நெனைக்கக் கூடாது, ஊடும் நெனைக்கக் கூடாது.

— அதை என்ன பண்ணீங்க?

— உங்க சாக்பீஸ் நம்பரு அதுல இல்ல. ஊடு முச்சூடும் குறையாவே வெச்சிருக்கறப்ப, கண்ணுக்குன்னு தனியா ஒரு குறை எதுக்குன்னு நெனச்சேன். சட்டியில மிச்சம் இருந்த சுண்ணாம்புக் கலவைய அதுல அப்பி, நல்லாத் தேச்சும் உட்டுட்டேன்.

— என்னைக்கு?

— தனபாலு மொத ராத்திரி இங்க படுத்தானே, அன்னைக்குச் சாயந்தரம்.

— அண்ணா! ஒம்பது நாளா இதை நெஞ்சுக்குள்ள வெச்சுட்டா எங்கூட வண்டியில வந்தே?

— இன்னைக்கு மட்டம் பாத்தப்பத்தான் புள்ள எனக்கே புத்தியில பட்டுச்சு.

— சரி, சண்டை வேண்டாம். அடைச்சவர் நீங்கதானே, நீங்களே கொத்தி எடுங்க. அந்த இடம் தெறந்தா எல்லாம் பழையபடி ஆயிடும்ல?

— ஆகோணுமுங். உளி எங் கையிலதான் இருக்குது. வாங்க.

— இதானே கதவு? பின்னால... எங்கேங்க? ஒரே மாதிரி இருக்கே.

— கண்ணுக்குத் தெரியாதுங், காதுக்குத் தெரியும். தட்டறேன், கேளுங்க. இங்க கெட்டி. இங்கயும் கெட்டி. இங்க...

— இன்னும் ஒரு சாண் கீழண்ணா. அன்னைக்கு உனக்குக் கலவைச் சட்டிய இடுப்பு மட்டத்துல புடிச்சுட்டு நின்னேன்னு எங்க ஊட்டுக்காரரு வந்து சொன்னாரு, எதுக்குன்னுதான் அப்ப எனக்குத் தெரியல.

— பாவாயி, நீ உள்ள வந்துட்டியா?

— நீ தேடற லட்சணத்துக்கு நான் வெளிய நின்னா ஆகுமா? கொத்து!

— கேட்டீங்களா மேடம்? சத்தம் மாறுது. இதே எடந்தான். தள்ளி நில்லுங்க, தூசி கண்ணுல விழும்.

— முருகேசன், அங்க பாருங்க. நீங்க கொத்துன பள்ளம்... மேடாகுது.

— பாத்தேனுங். புண்ணு ஆறறாப்பல மூடிட்டு வருது. கை எடுக்காமக் கொத்தோணும். உள்ள கல்லு தெரிஞ்சுருச்சுன்னா நின்னுக்கும்.

— நிறுத்தாதீங்க! எனக்குக் கண்ணு மங்குது. அந்த மரம் கலங்கித் தெரியுது. வேலை செய்யுது முருகேசன்!

— அந்தக் கூடத்துல என்னமோ சத்தங்...

— விரிசல்! கண்ணாடிய மாட்டிட்டேன், கதவு வழியாத் தெரியுது, கூடத்து ஜன்னலுக்குக் கீழ விரிசல் வருது. தங்கம் தெரியுது! கொத்துங்க, கொத்துங்க!

— மேடம், சித்த அமைதியா இருங்க. வெளிய யாரோ கத்தறாங்க.

— யாரு பாவாயி? எனக்கு இங்கேருந்து தெரியல.

— அவருதானுங்க. இந்த ஜன்னல்ல இருந்து பாக்கறேன். வண்டிகிட்ட நின்னுட்டிருந்தவரு ரோட்டுல மண்டி போட்டுட்டாரு. நெத்தியப் புடிச்சுட்டிருக்காரு. "ரா... ரா..."ங்கறாரு.

— ஞாபகம் வந்துடுச்சு! பாவாயி, அவருக்கு ஞாபகம் வந்துடுச்சு!

— விரலு நடுவுல ரத்தம் வருதுங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல இப்படித்தான் உக்காந்திருந்தாரு. இதே மாதிரி. பேரை முழுசாச் சொல்லக்கூட வாய் வராம.

— இன்னும் நாலே கொத்துதான் புள்ள. கல்லு முனை தட்டுப்படுது.

— நிறுத்துண்ணா.

— என்ன?

— நிறுத்துன்னேன். உளியக் கீழ போடு.

— கிறுக்குப் புடிச்சுருச்சா உனக்கு? கை எடுத்தா மூடிக்கும்!

— மூடட்டும். குடு இங்க அதை.

— பாவாயி, என்ன பண்றீங்க? உளிய விடுங்க. புருஷன் திரும்ப வேணும்னு இப்பத்தானே கேட்டீங்க?

— கேட்டேனுங்க. பாருங்க, எந்திரிச்சுட்டாரு. முட்டியில ஒட்டுன மண்ணைத் தட்டறாரு. எதுக்கு உக்காந்தோம்னே தெரியாம முழிக்கறாரு. சிரிக்கறாருங்க.

— அது அவரு இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க!

— மூணு வருசம் மேடம். வண்டிய ஓட்டுனது நாந்தானே, நாந்தானேன்னு சொல்லிச் சொல்லி அழுவாரு. அதையும் திக்கித் திக்கித்தான் சொல்லோணும் பாவம், ஒரு வாக்கியம் முடிய ஒரு நாழி ஆகும். முடியற வரைக்கும் நான் முழிச்சுட்டுக் கேட்டுட்டிருப்பேன். அதை மறுபடியும் அவரு தலையில கொண்டுபோய் நானே எறக்கி வெக்கறதா?

— செவுரு முழுசா மூடிருச்சு பாவாயி. இனி அந்த எடம் எதுன்னு எனக்கே தெரியாது.

— நல்லதாப் போச்சுண்ணா.

— உங்களுக்கு? அவரு மறந்துட்டாரு. நீங்க?

— அதானுங்க நானும் ரோசனை பண்றேன். அவரு சிரிச்சுட்டும் நான் அழுதுட்டும் ஒரே ஊட்டுல இருக்க முடியாது. மேடம், காவலுக்குப் படுக்கற பாய் இங்கதானே இருக்குது? இன்னைக்கு நாங்க ரெண்டு பேருமே படுத்துக்கறோம்.

— பாவாயி, வேண்டாம் சாமி. அண்ணன் சொல்றதைக் கேளு.

— நீயும் இங்கயே படுத்துக்கண்ணா. தெனமும் எம் மூஞ்சிய நீ பாப்பே. என்னைக்காச்சும் வாய் தவறி அவ பேரைச் சொல்லீருவே.

— நீங்க எல்லாரும் மறந்துட்டா, அந்தக் குழந்தைய நெனைக்க யார் இருக்கா?

— பேரு சொன்னேன், வயசு சொன்னேன், பல்லு விழுந்ததைக்கூடச் சொன்னேன். கீறலு, ஒடைசலுன்னா பத்திரமா வெச்சுக்கறவங்க நீங்கதானுங்களே? இங்க நிக்காதீங்க மேடம், எம் புள்ளையக் கூட்டிட்டு வெளிய போயிருங்க.